தேர் வண்டிக்கு அக்கா வைத்த களி

பிலோமி அக்கா, நீ செய்த ஒரு வேலையைத்தான் இன்றைக்கு எல்லாருக்கும் சொல்லப்போகிறேன்.

சில வருடங்களுக்கு முன், மே மாதம், முகையூர் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழா. தெருவில் கரண்ட் கம்பி தாழ்வாகப் போகும். தேர் அதில் மாட்டாமல் இருக்க, தேராகப் போகும் பழைய மினி லாரியில் பாரம் தாங்கும் வில் பட்டையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் உடைத்த பஸ்ஸின் காற்றுப் பைகளை நானும் என் நண்பனும் மாட்டினோம். காற்றை விட்டால் வண்டி அரை அடி உட்காரும், ஏற்றினால் எழுந்துகொள்ளும். எட்டாவதோடு நின்றுவிட்டு, திண்டிவனத்தில் ஒர்க்‌ஷாப் வேலை பழகிய எனக்கு அது பெரிய பெருமை.

திருவிழா அன்று காலை வண்டியை இறக்கி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டுக் கீழே குனிந்து பார்த்தேன். டயருக்கும், பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் ஓஸுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. வேலை முடிந்தது என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

மதியம் அக்கா கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தாள்.

“காலி வண்டில பாத்துக்கினு முடிஞ்சுதுன்றியே. மாதா, பூவு, ஜெனரேட்டரு, பாடுற பொம்பளைங்க எல்லாம் ஏறினா?”

“ஆளு ஏறினப்புறம் அடியில பூந்து பாக்க முடியாதுக்கா. நசுங்கிடுவேன்.”

“உன்ன யாரு பூரச் சொன்னது?”

களியில் இரண்டு உருண்டை பிடித்தாள். பிரேக் ஓஸ் மேல் ஒன்று, ஸ்டியரிங் ராடு மேல் ஒன்று ஒட்டச் சொன்னாள். கோயிலில் பாடும் பெண்களைக் கூப்பிட்டு வண்டியில் உட்காரவைத்து, அவளும் ஏறினாள்.

“உங்க அக்கா ஒருத்தி போதும்டா, மத்தவங்கள எறக்கிடு” என்றான் நண்பன்.

“உனக்குக் களி கெடையாது, போடா.”

காற்றை விட்டு வண்டியை இறக்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்தேன். எல்லாரையும் இறக்கி, காற்றை ஏற்றி, அடியில் கட்டை கொடுத்துவிட்டுப் பார்த்தேன். ஓஸ் மேல் இருந்த களி அப்பளமாகி, டயரின் வரி வரியான அச்சு அதில் பதிந்திருந்தது. ராடு மேல் வைத்ததை வண்டியின் அடிச்சட்டமான சேஸ் பாதியாக வழித்திருந்தது. தேர் ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போது முன்னால் பிள்ளைகள்தான் நடப்பார்கள். ஓஸ் தேய்ந்து அறுந்திருந்தால் பிரேக்கே இருந்திருக்காது.

அக்கா திட்டவில்லை. “அச்சு முறுக்கு மாதிரி கீது, துன்னுறியா?” என்றாள்.

ஓஸின் கிளிப்பைக் கழற்றி மேலே தள்ளிப் பிடித்தோம். வண்டி ரொம்ப உட்காராமல் ரப்பர் கட்டை வைத்தோம். சக்கரம் அதிகம் திரும்பாதபடி ஸ்டாப்பர் போல்ட்டைத் திருகி வெளியே நீட்டிவைத்தோம். மறுபடி களி, மறுபடி பெண்கள். மூன்றாவது தடவைதான் உருண்டை வைத்தது வைத்தபடி வந்தது. அதற்குள் களிச் சட்டி காலி. நாங்கள் இரண்டு பேரும் வெறும் குழம்பைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தோம்.

சாயங்காலம் ஒவ்வொரு கம்பியிலும் தேர் குனிந்து குனிந்து எழுந்தது, ஊரே கைதட்டியது. சக்கரம் முன்போல் முழுக்கத் திரும்பாததால், மூலையில் ஒரு தடவை பின்னால் எடுத்துத்தான் திருப்ப முடிந்தது. சரிவில் பிரேக் பிடித்தது.

போன வருடம் மஞ்சள் காமாலையில் அக்கா போய்விட்டாள். இப்போதும் ஒரு வண்டியைப் பாரம் ஏற்றித் திருப்பிப் பார்க்காமல் ‘முடிந்தது’ என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, எங்கள் பிலோமிக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.