காலி வரிக்கு ஒரு காரணம்

மனுஷனுக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம். பாதி சொன்னால் மீதியை அவனே ஊகித்துக்கொள்வான். ஒரு ஏஐ ஏஜென்ட்டுக்கு எழுத உட்கார்ந்தபோதுதான், நாங்கள் எவ்வளவு விஷயத்தைச் சொல்லாமலே காலம் தள்ளியிருக்கிறோம் என்று தெரிந்தது.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் எங்கள் அலுவலகம். இறாலும் கணவாயும் ஏற்றிய குளிர் கண்டெய்னர்களுக்குக் காகித வேலை பார்ப்பது தொழில். எந்தக் கண்டெய்னர் முதலில் உள்ளே போகவேண்டும், எத்தனை டிகிரி குளிரில் இருக்கவேண்டும் என்ற பட்டியல் தினமும் ஒரு எக்செல் ஷீட்டிலிருந்து வரும். அதில் ஏழெட்டு மேக்ரோ, ஒவ்வொன்றையும் ஓட்ட ஒரு பொத்தான். எந்தப் பொத்தானை முதலில் அழுத்துவது, எதைத் தொடவே கூடாது என்பது என் பக்கத்து மேசைக்காரிக்கு மட்டும்தான் தெரியும். அவளும் நானும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

அவளுக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்யவேண்டும், இனித் தள்ளிப்போடக் கூடாது என்று மதுரைக் கண் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஒரு மாத லீவு தேவை. முதலாளி அண்ணாச்சியிடம் வீட்டு விஷயம் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

"கண்ணுல கோளாறுன்னு தெரிஞ்சா இந்தச் சேர்ல வச்சிருப்பாவளா? வாயத் தொறந்துராதளா," என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அண்ணாச்சி முடியாது என்று சொல்லவில்லை. "ஷீட்ட ஓட்டுததுக்கு ஆளக் காட்டிட்டுப் போம்மா," என்றார். ஆள் கிடைக்கவில்லை. ஏஜென்ட்தான் கிடைத்தது. அதற்குப் புரிகிற மாதிரி அவள் செய்வதையெல்லாம் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. நான் எழுதியது தேறினால்தான் அவள் மதுரைக்குப் போகமுடியும்.

நான்கு நாள் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். உண்மையைச் சொன்னால், சுவாரசியமாகத்தான் இருந்தது. "லாரி வந்ததும் அனுப்பு" என்று எழுதினேன். லாரி வந்தது அதற்கு எப்படித் தெரியும்? டிரைவர் போன் அடிப்பார். போனை யார் எடுப்பது? ஒரு வரியைத் தோண்டினால் கீழே நாலு வரி கிடந்தது. இரண்டு கண்டெய்னருக்கு நடுவில் ஒரு காலி வரி விடுகிறாள் என்று குறித்துக்கொண்டேன். கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு எண்ணையும் சத்தமாக வாசிப்பாள். நான் என் திரையைப் பார்த்து "சரி" என்பேன். வருஷக்கணக்காக நடக்கிற வழக்கம். அதற்கு 'இரட்டைச் சரிபார்ப்பு' என்று பெயர் வைத்து, தடித்த எழுத்தில் போட்டேன். கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

சோதனை நாளன்று அண்ணாச்சி எங்கள் பின்னால் வந்து நின்றார். ஏஜென்ட் பொத்தான்களை வரிசை தப்பாமல் அழுத்தியது. பட்டியல் வந்தது. அதன் கீழே ஒரு கேள்வியும் வந்தது. காலி வரிகளால் பட்டியல் இரண்டாம் பக்கத்துக்குப் போகிறது, எண்ணை வாசித்துக் காட்டுவதற்கும் அவசியம் தெரியவில்லை, இந்த இரண்டு விதிகளுக்கும் என்ன காரணம் என்று கேட்டிருந்தது.

எனக்கு ஒரே சந்தோஷம். நல்ல கேள்வி! நாற்காலியைத் திருப்பி, "அதான, எதுக்குளா காலி வரி விடுத?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும். நான் அடுத்தவளைக் கெடுத்தேன். கண்ணில் ஆபரேஷன் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஏதோ லேசான மங்கல் என்று நினைத்திருந்தேன்.

"அது சும்மா பழைய வழக்கம் அண்ணாச்சி," என்றேன்.

"வழக்கம்னா ஒரு காரணம் இருக்கும்லா," என்றார் அவர்.

அவள் என் விசைப்பலகையைக் காட்டினாள். "எழுதுளா. எனக்குக் கண்ணு தெரிய மாட்டேங்கு. வரி விடலன்னா ஒண்ணோட ஒண்ணு கலந்துருது. மூணா எட்டான்னு தெரியல. அதான் சத்தம் போட்டு வாசிக்கேன். இவ சரின்னு சொன்னா அழுத்துவேன்."

அவள் சொன்னதை அப்படியே தட்டினேன்.

அண்ணாச்சி அவள் பக்கம் திரும்பினார். "கண்ணுக்குன்னா மதுரைக்கா போகணும்?"

"ஆமா அண்ணாச்சி."

"நாளைக்கே கெளம்பு. ஒஞ் சேர் இங்கனதான் கெடக்கும். இத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன?" கோபமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

அதற்குள் திரையில் பதில் வந்திருந்தது. அவள் மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து, விரலை ஓட்டிப் படித்தாள்: "புரிந்தது. நீங்கள் படிக்கும் பட்டியலில் எழுத்தை இன்னும் பெரிதாக்கட்டுமா? எண்களை நானே வாசித்துக் காட்டட்டுமா?"

படித்து முடித்தும் அவள் நிமிரவில்லை.

"ஒரு நாளுல இது கேட்டுட்டு, பாத்தியா," என்றாள். "இத்தன வருசம் பக்கத்துலதான இருந்த. ஒனக்கு ஒரு நாளும் கேக்கத் தோணலியேளா?"

ஒரு மாதம் கழித்து அவள் கண் தெளிந்து வந்தாள். அந்தக் கேள்விக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை.