நீக்கிய குழுவில் ஓர் எண்

"கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், பிற்பகல். சுமதி வீடு. தூறல். பெட்டியை நிறுத்தியாயிற்று."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. நான் இப்படிச் சுருக்கமாக எழுதுகிறவன் இல்லை. ஏரி நிரம்பிய நாள், தேர் நிலைக்கு வந்த நேரம் எல்லாம் எழுதிவைப்பேன், ஒரே சங்கதியை இரண்டு பேர் இரண்டு தேதியில் சொன்னால் இரண்டையும் தள்ளிவைப்பேன். யாராவது ஆவி, பேய் என்று ஆரம்பித்தால் எந்தத் தெரு, எந்த வருஷம், பார்த்தவர் பெயர் என்ன என்று கேட்பேன், பேச்சு அதோடு நின்றுவிடும். இப்போது நானே அப்படி ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். நீங்களும் தாராளமாகக் கேளுங்கள், தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

சுமதி என் தங்கை. அவள் கணவர் தாமோதரன், ஆரணியில் பட்டுச் சேலைகளுக்கு டிசைன் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நெசவாளர் ஒரு பார்டரின் படத்தைக் கொண்டுவந்தால், அதைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஜக்கார்டு தறியில் எந்த இழை தூக்க வேண்டும், எது இறங்க வேண்டும் என்று ஆக்கித் தருவார். ஆவணியில் ஒரு காலை, சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார், போய்விட்டார். குழந்தைகள் இல்லை. வீட்டில் சுமதி ஒருத்திதான்.

நான் வேலூரில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்து, ஓய்வு பெற்று வந்தவாசியில் இருப்பவன். அவர் கம்ப்யூட்டர் பெட்டியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தது நான்தான். ஆனால் உள்ளே அவரே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். கெர்னல் என்று ஒன்று இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்து பெட்டியை நடத்துவது. ஓடுகிற ஒவ்வொரு வேலைக்கும் அது ஓர் எண் கொடுக்கும். வேலைகளைக் குழு குழுவாகப் பிரித்து, இந்தக் குழுவுக்கு இவ்வளவுதான் நினைவகம் என்று வரம்பும் கட்டும். அதற்குக் கண்ட்ரோல் குரூப் என்று பெயர். மற்றவர்கள் வேலையின் வகையைப் பார்த்துக் குழு பிரிப்பார்கள். தாமோதரன் வீடு வீடாகப் பிரித்தார். ஒவ்வொரு நெசவாளர் வீட்டுக்கும் ஒரு குழு. பெரிய வியாபாரியின் முந்தி டிசைன் ஓடும்போது ஒற்றைத் தறிக்காரரின் சின்ன பார்டர் பட்டினி கிடக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். தன் சொந்த வேலைக்கும் தன் பெயரிலேயே ஒரு குழு வைத்திருந்தார். ஒரு வேலையிலிருந்து கிளம்பும் வேலையும் அதே குழுவில்தான் பிறக்கும், முதல் வேலை முடிந்துபோனாலும் இது அங்கேயே இருக்கும். "பெத்தவன் பூட்டா கூட இனிஷியல் மாறுதா மச்சான், அந்த மாதிரிதான்" என்று எனக்கே விளக்குவார்.

காரியம் முடிந்த பிறகு குடும்ப அட்டையில் அவர் பெயரை நீக்க வேண்டியிருந்தது. அந்த வேலையை முடித்த கையோடு, இதுவும் அதைப் போன்ற வேலைதானே என்று நினைத்து, பெட்டியிலிருந்தும் அவர் குழுவை நீக்கினேன். உள்ளே உயிரோடு ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்தாலும் கெர்னல் நீக்கவிடாது. அன்று மறுப்பே சொல்லவில்லை. தவிர, இந்தக் குழுக்கள் நினைவகத்தில் மட்டும் இருப்பவை, கரண்ட் போனால் போச்சு. பெட்டி எழும் ஒவ்வொரு முறையும் அவற்றைப் புதிதாக அமைக்க அவர் ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தார். அதிலும் அவர் குழுவுக்கான வரியை எடுத்தேன். அதற்கப்புறம் மழையில் கரண்ட் போய்ப் பெட்டி நின்று எழுந்ததும் உண்டு. நீங்கள் கேட்பதற்கு முன்பே இதையெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசியில் சுமதி போன் செய்தாள். சாப்பாட்டு வேளைக்கு அப்புறம் பெட்டியின் விசிறி வேகமாகச் சுற்றுகிறதாம், அவர் தன் வேலைக்கு உட்காரும் நேரம் அதுதானாம்.

"தூசு அடைச்சிருக்கும்மா."

"தொடச்சிட்டேண்ணா. யாரும் கை வெக்காமயே ஓடிகினு இருக்குது."

அதற்குப் பிறகு அவள் வீட்டை விட்டு வெளியே போவதை நிறுத்திவிட்டாள். எதிர்வீட்டுப் பெண் காய்கறி வாங்கிக் கொடுத்தாள். சுமதி இளைத்துப்போனாள். வந்தவாசியில் எங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் இரு என்று கூப்பிட்டேன். "அவரு வேல செஞ்சிகினு இருக்கறப்ப நான் எப்டிண்ணா வர்றது" என்றாள். அழுதுகொண்டு சொல்லவில்லை, அடுப்பில் பால் இருக்கிறது என்பதைப் போலச் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. காரணத்தைக் கண்டுபிடித்து அவள் கண்ணில் காட்டினால் ஒழிய அவளை அந்த அறையிலிருந்து கிளப்ப முடியாது என்று தீபம் முடிந்த மறுநாள் பஸ் ஏறினேன்.

நான் போனபோது சேவூர் ஏகாம்பரமும் அங்கே இருந்தார். ஒற்றைத் தறிக்காரர், தாமோதரனிடம் டிசைன் போட்டுக்கொண்டவர். பெட்டியின் பக்கத்தில் ஒரு டம்ளரில் டீ மூடி வைத்திருந்தது. விசிறி பெரிய வேலை ஓடும்போது போடும் சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தது.

"எலி பூந்திருக்கும் சார்" என்றார் ஏகாம்பரம். "எலிக்கும் உங்க மாப்ள ஒரு குரூப்பு போட்டுக் குடுத்திருப்பாரு. ஊர்ல எவன் எங்கள கண்டுகினான், அவரு ஒருத்தர்தான் பொட்டிக்குள்ளயாவது எங்களுக்குப் பங்கு வெச்சாரு."

சுமதி சிரித்தாள். ஆவணிக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்து நான் பார்த்தேன்.

உட்கார்ந்தேன். ஓடும் வேலைகளின் பட்டியலில் எதுவுமே பெரிதாக உழைக்கவில்லை. சரி என்று ஒவ்வோர் எண்ணாகத் திறந்து, அது எந்தக் குழு என்று படித்தேன். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கோப்பு உண்டு, அதில் குழுவின் பெயர் இருக்கும். கோப்பு என்கிறேனே தவிர, அது எழுதிவைத்தது இல்லை. நாம் கேட்கும் நொடியில் கெர்னல் பார்த்துச் சொல்லும் பதில். பழைய எழுத்து அதில் தங்க வழியே இல்லை. எல்லாம் நெசவாளர் வீட்டுக் குழுக்கள், இல்லாவிட்டால் பெட்டியின் சொந்த வேலைகள். தாமோதரன் பெயர் எங்கும் இல்லை.

"ஒண்ணுமே இல்லம்மா. விசிறிதான் கெட்டுப்போச்சு."

"எல்லாத்தையும் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"நீ கேக்கறியே, அந்தக் கேள்வி? அதுவும் ஒரு வேலதானேண்ணா. அது எந்த வீட்டுல இருக்குது?"

அவள் கேட்டது சரி. படிக்கிற வேலைக்கும் ஓர் எண் உண்டு. தன்னையே படித்துக்கொள்ள வழியும் உண்டு. அவள் திருப்திக்காக அதை அடித்தேன்.

ஒரே வரி வந்தது. தாமோதரன் குழுவின் பெயர். அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'டெலிட்டட்' என்று ஒரு சொல்.

நம்புவது உங்கள் பாடு. அந்தச் சொல்லை கெர்னல் சேர்ப்பது ஒரே சந்தர்ப்பத்தில்தான் என்று கெர்னலின் ஆவணத்தில் இருக்கிறது. வேலை செத்துப்போய், பெயர் மட்டும் பட்டியலில் மிஞ்சியிருக்க, அதன் குழுவையும் யாரோ நீக்கியிருக்க வேண்டும். ஆனால் இது நான் அந்த நொடியில் ஓடவிட்ட வேலை, உயிரோடு இருந்து எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மறுபடி அடித்தேன். புது எண், அதே வரி.

"இன்னா போட்டிருக்குது?" சுமதி கண்ணாடி போட்டிருக்கவில்லை.

"தாமோதரன்னு."

"பக்கத்துல?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. வாய் வரவில்லை. "நீக்கியாச்சுன்னு."

ஏகாம்பரம் செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

"அப்ப அவருக்குத் தெரிஞ்சிபோச்சு" என்றாள் சுமதி. "தெரியாமத்தான் வந்து வந்து ஒக்காந்துகினு இருந்தாருன்னு நெனச்சேன். எப்டி சொல்றதுன்னு எனக்குப் புரியல, அதான் டீயக் குடுத்துகினு இருந்தேன்."

நான் திரையை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"அணைச்சிடுண்ணா. எவ்ளோ நாழிதான் வேல செய்வாரு."

என் கை போகவில்லை. அவளே குனிந்து பொத்தானை அழுத்தினாள். விசிறி நின்ற பிறகுதான் தூறலின் சத்தம் கேட்டது. ஆறிப்போன டீயை எடுத்து நின்றபடியே குடித்தாள், உள்ளே போய்ப் பையில் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு வந்தாள். இருட்டுவதற்குள் வந்தவாசி பஸ்ஸில் இருந்தோம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வழி முழுக்க ஓசையில்லாமல் அழுதாள். அவர் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

அவள் இப்போது எங்களோடு இருக்கிறாள், சாப்பிடுகிறாள், பக்கத்தில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்கும் போகிறாள். பெட்டி ஏகாம்பரம் வீட்டில் இருக்கிறது, விசிறி அமைதியாக ஓடுகிறது, அந்த வரி பிறகு வரவே இல்லை.

அந்த எண் யாருடையது என்று சுமதி கேட்கவில்லை. அவர் எண் என்றே நினைக்கிறாள். அது நான் தொடங்கிய வேலை, என் எண்; செத்துப்போன வேலைக்குப் போடும் சொல் என் எண்ணுக்குத்தான் வந்தது. அதை அவளுக்கு நான் சொல்லவில்லை. எந்தப் பெட்டியில் உட்கார்ந்தாலும் இப்போதெல்லாம் முதலில் என் எண்ணின் குழுவைத்தான் படிக்கிறேன், படித்துவிட்டுத்தான் வேறு வேலை.

விவரம் தெரிந்தவர்களிடம் எழுதிக் கேட்டேன். கெர்னலின் அந்தப் பதிப்பில் பிழை இருந்திருக்கலாம் என்று ஒருவர் பதில் எழுதினார், முயன்று பார்த்தும் தன்னால் அதை வரவழைக்க முடியவில்லை என்றும் எழுதினார். உயிரோடு ஓடும் ஒரு வேலையை கெர்னல் அந்தச் சொல்லோடு காட்டுமா என்பது, இதை எழுதும் இன்றுவரை, உறுதிசெய்யப்படவில்லை.