ஐப்பசி மழையில் பழுத்த திராட்சை

வேதமணி இருபது வருடம் ரப்பர் பால் வெட்டியவள். ஆரியங்கோட்டில் தனக்கென்று கிடந்த இருபது சென்டில் நின்ற ரப்பர் மரங்களை ஒருநாள் ஆள் வைத்து முறித்துச் சாய்த்தாள். ஆலயத்துச் சபையார் பஸ் பிடித்துக் கம்பம் போனபோது அங்கே திராட்சைப் பந்தலைப் பார்த்து மயங்கியிருந்தாள். தன் பந்தலில் கொடி ஏறியதும், போன வருட அறுப்பின் பண்டிகையில் எழுந்து நின்றாள். "அடுத்த பண்டியலுக்கு திருவிருந்துக் கிண்ணத்துல எனக்க தோட்டத்துச் சாறாக்கும்." ஆலயத்தில் சொன்ன பொருத்தனை. திரும்ப எடுக்க முடியாது.

பண்டிகை ஐப்பசியில். கொடியின் கிளைகளை வெட்டிவிட்டால் நாலு மாதத்தில் பழம் என்று கம்பத்துத் தோட்டக்காரர் சொல்லியிருந்தார். பின்னோக்கி எண்ணி ஆனியில் வெட்டினாள். தப்பு அங்கேதான். பண்டிகைக்குப் பார்த்தாள், மழைக்குப் பார்க்கவில்லை. கம்பம் மலை மறைவில் காய்கிற ஊர். இங்கே ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் இடியோடு இன்னொன்று. கீழே புளித்த செம்மண், அதற்கடியில் வெட்டுக்கல் பாறை. பண்டிகைத் தேதியை நோட்டீஸ் அடித்து ஒட்டினால் வானம் கேட்குமா? கொடி இலையாகத் தழைத்தது. நிறம் ஏறும் நேரத்தில் மழை பிடித்துப் பழம் வெடித்தது, பாதி பூஞ்சை.

சனிக்கிழமை மிச்சத்தைப் பிழிந்தபோது மகள் பின்சி ஒரு சொட்டு நக்கிவிட்டுத் துப்பினாள்.

"எம்மா, பாறசாலைக் கடையில கம்பம் பழம் கெடக்கு. ரெண்டு கிலோ சேத்துப் பிழியிலாம். ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்லா."

"சபை முழுக்கச் சிரிக்கும்."

"சிரிக்கட்டு மக்கா. எனக்க தோட்டத்துச் சாறுண்ணுதான் சொன்னேன். இனிக்கும்ணு சொல்லேல்ல."

சொல்லிவிட்டுச் சாறைத் துணியில் வடிகட்டினாள்.

ஞாயிறன்று போதகர் முதலில் குடித்தார். கண் ஒருமுறை இறுக மூடித் திறந்தது. முழங்காலிட்ட வரிசையில் முகம் முகமாகக் கோணிக்கொண்டு போனது. கடைசியாக வேதமணி குடித்தாள். புளிப்பு. பிறகு நாக்கில் ஒரு துவர்ப்பு, நனைந்த வெட்டுக்கல்லை நக்கினதுபோல.

சபைச் செயலாளர் ராஜையா வெளியே காத்து நின்றார். "எக்கா, பாவம் மன்னிச்ச பெறவும் இந்தத் தண்டனையா? பல்லு கூசுது."

"கூசட்டு. நம்ம மண்ணுக்க ருசி அதாக்கும். கம்பத்து ருசி வேணும்ணா கம்பத்துல போயிக் குடியும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராஜையா சிரிக்கவில்லை. "மாசியில நல்ல வெயில் உண்டுல்லா? அதுக்குத் தக்க கொடிய வெட்டினா இனிக்குமா?"

அவளுக்குத் தெரியாது. அதுவரை வேர் அழுகாமல் கிடக்குமா என்பதும் தெரியாது. ரப்பரும் போயாச்சு. மேற்கே இடி முழங்கியது. குடையை விரித்து, பந்தலைப் பார்க்க நடந்தாள்.