புளி போட்டுத் தேய்த்த ஃபியூஸ்

முடிச்சூரில் எங்கள் எதிர் ஃபிளாட் பெண் நேற்று ஆயுத பூஜைக்காகக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, பித்தளை பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா? கறை போகவே மாட்டேங்குது" என்றாள். என்னையா கேட்கிறாய் பெண்ணே! அந்தப் புளி வாசனை மூக்கில் ஏறியதும் நான் ராஜகீழ்ப்பாக்கத்துக்கே போய்விட்டேன்.

எண்பதுகளின் கடைசி. அங்கே என் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருந்தார். எனக்குத் தாம்பரத்தில், பட்டாளத்துப் பயிற்சிக் கூடம் ஒன்றில் படம் வரையும் உத்தியோகம். பழைய விமானக் குண்டுகளின் ஃபியூஸ், அதாவது குண்டை வெடிக்கவைக்கும் பித்தளைப் பாகம், உள்ளே எப்படி இருக்கும் என்று பெரிய தாளில் வண்ணம் தீட்டித் தருவேன். வாசலில் நான் போடும் கோலம் ஒரு நாளும் நேராக வந்ததில்லை. ஆனால் ஃபியூஸின் மரையைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன்.

ஓர் ஆயுத பூஜையன்று குங்குமம் வைக்கப் பட்டறைக்குப் போனேன். லேத்துக்கு மாலை, ஸ்பானர்களுக்குச் சந்தனம், நடுவில் வாழையிலைமேல் பளபளவென்று ஒரு பித்தளைக் குமிழ். காயலான் கடையில் வாங்கிய பழைய உலோக மூட்டையில் வந்ததாம். அவரே உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்.

"நாளைக்கு விஜயதசமி, மொத வேலையே இதான். வைஸ்ல புடிச்சு அடி மரையக் கயட்டி, உன் வெளக்குக்குக் கொண்டை செஞ்சித் தரேன் பாரு."

கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன், நான் வரைகிற ஃபியூஸேதான். குண்டு விழும்போது சுழலும் காற்றாடி உச்சியில் ஒடிந்துபோய், தண்டு மட்டும் நின்றது. பயிற்சிக்கு வைக்கும் காலி ஃபியூஸ் என்றால் பக்கவாட்டில் துளை போட்டிருப்பார்கள். இதில் துளையே இல்லை.

"தொடாதீங்க! எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினேன். கல்யாணமானதிலிருந்து அவரை நான் அதட்டியதே கிடையாது.

"இன்னாமே, பூஜைல வெச்ச பொருளு..." என்று இழுத்தார். ஆட்கள் முன்னால் முகம் சுருங்கிவிட்டது, பாவம்.

"இத நான் வரைஞ்சிருக்கேங்க. உள்ள மருந்து இருக்கு."

என்னையே பார்த்தார். அப்புறம் ஆட்களைத் தெருமுனைக்கு விரட்டினார். அந்த வருஷம் எங்கள் பட்டறையில் கற்பூரம் காட்டவில்லை.

நான் சொல்லியனுப்பி, மறுநாள் பட்டாளத்து வெடிகுண்டுக்காரர்கள் வந்து, அதைக் காய்ந்த ஏரிக்குள் கொண்டுபோய் வெடிக்க வைத்தார்கள். பட்டறைத் தகரம் தடதடத்தது. என் மனுஷன் எனக்கு மிச்சம் என்று நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

"யாரு கண்டுபுடிச்சது?" என்று அவர்களோடு வந்த அதிகாரி கேட்டதுதான் தாமதம், இவர் முந்திக்கொண்டார். "என் சம்சாரம் சார்! பாத்தவொடனே சொல்லிடுச்சு!"

அன்றைக்கு ஆரம்பித்தவர்தான். டீக்கடை, கல்யாணப் பந்தி, ரயில் பெட்டி, எங்கும் இதே கதை. கைக்குள் அடங்கிய ஃபியூஸ் அவர் வாயில் வளர்ந்து வளர்ந்து முழுக் குண்டாகவே ஆகிவிட்டது. நான் திருத்தவில்லை. பெருமையாகத்தான் இருந்தது, அதை எதற்கு மறைப்பது?

ஏரி பிளாட் ஆகிவிட்டது. பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. அவரும் போய்விட்டார். இருந்திருந்தால், "இன்னா கேட்டுட்டம்மா, என் சம்சாரத்துக்கா பித்தளை தெரியாது?" என்று லிஃப்ட் வரைக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்திருப்பார். நேற்று அந்தப் பெண்ணிடம் நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.