சிவமலரின் நாட்டுப் பெயர்கள்

லண்டன் டூட்டிங் தமிழ் வாசகர் வட்டத்தில் பேச ஒப்புக்கொண்டபோது சிவமலர் ஒரே நிபந்தனைதான் வைத்தாள்: தலைப்பு அவளுடையது. ஸ்கண்டிநேவிய மொழிகளில் நாடுகளுக்குப் பெயர் வந்த விதம்.

செயலாளர் ஆனந்தராஜாவுக்கு அது பிடிக்கவில்லை. "அக்கா, நோர்வேயில நீங்கள் பட்ட கஷ்டத்தைச் சொல்லுங்கோவன். மீன் பக்டரி, பனி, இருட்டு. சனம் உருகிப்போகும்."

"உருகினது காணும், தம்பி. அங்க நான் படிச்சும் இருக்கிறன்."

வடக்கு நோர்வேயில் பகலில் மீன் வெட்டினாள். மாலையில் மொழி வகுப்பு. ஆசிரியை ஒருநாள் சுவரில் வரைபடத்தை விரித்து நாட்டுப் பெயர்களைப் பிரித்துக் காட்டினாள். சிவமலருக்கு முழுவதும் விளங்கிய முதல் வகுப்பு அது. பிறகு அகராதிகளாக வாங்கினாள். பிள்ளைகளுக்காக லண்டனில் மிட்சம் என்ற பகுதிக்குக் குடிபெயர்ந்தபோது பானை சட்டியை விட்டுவிட்டு அவற்றைத்தான் கொண்டுவந்தாள். இங்கே சனத்துக்குத் தெரிந்ததோ மீன் பக்டரி மட்டும்.

கூட்டம் வழக்கம்போல் நடந்தது. விளக்கேற்றல், மாண்டவர்களுக்கு அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைவர் யோகராஜாவின் தலைமையுரை. ஒவ்வொருவரும் மேடையிலிருந்த எல்லோரையும் பெயர் சொல்லி விளித்துவிட்டுத்தான் தொடங்கினார்கள். சிவமலர் எழுந்தபோது மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கப் பத்து நிமிடம் இருந்தது. பின்னால் சிற்றுண்டிக்கு வந்த ரோல்ஸ் பெட்டியைத் திறந்துவிட்டார்கள்.

"சுருக்கமா, அக்கா," என்றார் ஆனந்தராஜா. "கஷ்டத்தை மட்டும்."

அவள் மைக்கைப் பிடித்தாள். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

"நோர்வேயை அந்தச் சனம் நோர்கே எண்டு சொல்லும். வடக்கால போற வழி எண்டு அர்த்தம். கரையோரமாக் கப்பல் போன பாதைதான் நாட்டுக்குப் பேராப் போச்சு."

முன்வரிசையில் முணுமுணுப்பு. அவள் நிறுத்தவில்லை. சுவீடனுக்கு அந்நாட்டவர் சொல்லும் பெயரின் பொருள், ஸ்வேயர் என்ற குடியின் அரசு. ஜேர்மனிக்கு ஸ்கண்டிநேவியர் சொல்லும் பெயரின் அடியில் இருப்பது சனம் என்ற சொல்.

"கிரேக்கத்துக்கு டென்மார்க்காரரும் சுவீடன்காரரும் வெளியாள் வைச்ச பேரைச் சொல்லுவினம். நோர்வேக்காரர் ஹெல்லாஸ் எண்டுவினம். அது அந்தச் சனம் தானே தன்ர நாட்டுக்குச் சொல்லுற பேர்."

ரோல்ஸ் தட்டோடு நின்ற பெனிற்றா கேட்டாள்: "அப்ப பின்லாந்து, அக்கா?"

"அது அயலவன் வைச்ச பேர். அவையள் சுவோமி எண்டுதான் சொல்லுவினம்."

காவலாளி வந்து விளக்கை அணைக்கத் தொடங்கினான். இறங்கியவளை யோகராஜா மறித்தார்.

"தங்கச்சி, தலைவர் எண்டு என்ர பேரைக்கூடச் சொல்லேல்லையே."

"நாட்டுப் பேருக்கே நேரம் காணேல்லை, அண்ணை. டென்மார்க் இன்னும் கிடக்கு."

டென்மார்க்கை அவள் வெளியே நடைபாதையில் நின்று சொன்னாள். பஸ்ஸை விட்டுவிட்டு ஆறேழு பேர் கேட்டார்கள். அவர்களில் யோகராஜாவும் நின்றார், கையில் பாதி ரோல்சோடு.