புலிக் கரைசலும் ஒரு பின்னூட்டமும்

வலைப்பூ எழுதச் சொன்னது என் கணவர்தான். திருச்சியில் நான் வேலை பார்க்கும் நூலகத்தில் யாரும் எடுக்காத புத்தகங்களைப் பற்றித் தினமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவரிடம் புலம்புவேன். ஒருநாள் தாங்க முடியாமல், "இதையெல்லாம் எழுதிப் போடு. படிக்கணும்னு இருக்கிறவங்க படிப்பாங்க. நான் நிம்மதியா ரசம் சாப்பிடுறேன்" என்றார்.

எழுத ஆரம்பித்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால், காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் போனிலேயே பாதி எழுதிவிடுவேன். தொடக்கத்தில் படித்தவர்கள் என் தம்பியும் பள்ளித் தோழி ஒருத்தியும்தான். தம்பி படிக்காமலேயே "சூப்பர்" என்று போடுவான்.

பிறகு எங்கள் நூலகத்தின் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் வேலை வந்தது. ஸ்கேன் செய்த பக்கத்தை ஒரு மென்பொருள் படித்து, தட்டச்சு செய்ததுபோல எழுத்தாக மாற்றித் தரும். முதலில் அட்டை கிழிந்த ஒரு சமையல் புத்தகத்தைக் கொடுத்தேன். அதிலிருந்து ஒரு குழம்புக் குறிப்பை எடுத்துப் பெருமையாக வலைப்பூவில் போட்டேன். மறுநாள் காலை பஸ்ஸில் திறந்து பார்த்தால் ஒரு பின்னூட்டம். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயரில்லா' என்று மட்டும் இருந்தது.

"இரண்டு கப் புலிக் கரைசல் ஊற்றச் சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுப் பக்கம் புளிதான் கிடைக்கிறது. புலி ஸ்ரீரங்கத்தில் கிடைக்குமா?"

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னவென்று கேட்டார். சொன்னதும் அவரும் சிரித்தார்.

அன்றிலிருந்து என்ன எழுதினாலும் பெயரில்லா வந்துவிடுவார். ஒற்றுப்பிழையைக்கூட விடமாட்டார். பிழை இல்லாவிட்டால் சண்டைக்கு வருவார். "இனிமேல் முசிறியிலும் தொட்டியத்திலும் இருப்பவர்கள் ஒரு புத்தகத்துக்காகப் பஸ் ஏறி வர வேண்டாம். எல்லாம் போனிலேயே வந்துவிடும்" என்று ஒரு மதியம் எழுதிப் போட்டேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பதில் காத்திருந்தது.

"அவர்கள் தாராளமாகப் போனில் படிக்கட்டும். நேரில் வந்து படிக்கிறவர்களுக்காக முதலில் இந்த மின்விசிறிக்கு எண்ணெய் போடுங்கள். இதை எழுதும்போதுகூடக் கிரீச்சென்று கத்துகிறது."

தலையைத் தூக்கிப் பார்த்தேன். வாசிப்பு அறையில் ஜன்னலோரத்து விசிறி கிரீச் கிரீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் பெயரில்லா இதே அறையில் இருக்கிறார்!

விசிறிக்கு அடியில் இரண்டே பேர். ஒருவர் தினமும் எல்லா நாளிதழ்களையும் வரிவிடாமல் படிக்கும் பெரியவர். இன்னொருவர், மலைக்கோட்டைப் பக்கம் மாதா கோயில் தெருவிலிருந்து வரும் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். வந்ததும் எனக்கு ஒரு தலையசைப்பு, போகும்போது ஒன்று, அதற்குமேல் பேசியதில்லை. நான் சந்தேகமே இல்லாமல் பெரியவரிடம் போனேன்.

"சார், உங்க கமெண்ட் பார்த்தேன். நாளைக்கே எண்ணெய் போடச் சொல்றேன்."

அவர் மிரண்டு போனார். "நான் ஒண்ணும் சொல்லலியேம்மா. பேப்பர்தானே படிச்சிட்டிருக்கேன்?"

பின்னாலிருந்து சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு செருமல். திரும்பினேன். டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கையில் போன்.

"நீங்களா டீச்சர்? பேரைப் போட்டு எழுதியிருக்கலாமே?"

"பேர் போட்டா மரியாதையா பதில் சொல்லுவீங்க. அப்புறம் எப்படிங்க சண்டை போடறது?"

வராந்தாவுக்கு அழைத்துப்போய் எனக்கிருந்த சந்தேகத்தைக் கேட்டேன். என் வலைப்பூவைப் போனில் படிக்கிறார், போனில்தான் எழுதுகிறார், பிறகு ஏன் போன் நூலகத்தின்மேல் இத்தனை கோபம்?

"கோபம் இல்லீங்க. பயம்," என்றார். "புள்ளைங்க ரெண்டு பேரும் வெளியூர்ல. வீட்ல நான் மட்டும். இங்க வந்தா பத்துப் பேர் பேசாம கூட உட்கார்ந்திருக்காங்க. எல்லாம் போன்ல வந்துட்டா, யாரும் வரலைன்னு சொல்லி இதைப் பூட்டிடுவாங்களோன்னு தோணுச்சு."

வாசகர்கள் புத்தகத்துக்காக மட்டும்தான் வருகிறார்கள் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். "டீச்சர், ஸ்கேன் பண்ணினதெல்லாம் புலியும் கரடியுமா இருக்கு. நீங்க திருத்திக் குடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்ப வரட்டும்?"

மறுநாள் நூலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். மென்பொருள் செய்யும் குளறுபடிகளைத் தொகுத்து வாரம் ஒருமுறை வலைப்பூவில் போடலாம் என்பதும் அவர் யோசனைதான். நான் உருகி உருகி எழுதியவற்றை விட அதற்குத்தான் கூட்டம் வந்தது. தம்பிகூட உண்மையாகவே படித்தான்.

அந்தச் சமையல் புத்தகம் முழுவதும் இணையத்தில் ஏறிய பிறகு, ஒரு சனிக்கிழமை முசிறியிலிருந்து ஒரு பெண் வந்தார். கையில் தூக்குவாளி. புத்தகத்தைப் போனிலேயே படித்து முடித்துவிட்டாராம்.

"எங்க தோட்டத்து வாழைப்பூவுல, அதுல போட்டிருக்கிற மாதிரியே வடை செஞ்சு கொண்டாந்தேன். அந்தப் புஸ்தகத்தை ஒரு தடவை கையில வெச்சுப் பார்க்கலாங்களா?"

எடுத்துக் கொடுத்தேன். தாள் ஒடிந்துவிடுமோ என்று மெல்ல மெல்லப் புரட்டினார். ஒரு பக்கத்தில் பழைய எண்ணெய்க் கறை. "யாரோ சமைச்சிக்கிட்டே படிச்சிருக்காங்க!" என்று சந்தோஷமாக அந்தக் கறையைத் தடவினார்.

டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் வெற்றி தெரிந்தது. "பாருங்க, போன்ல புத்தகம் இருந்தும் பஸ் ஏறி வந்திருக்காங்க."

"போன்ல இல்லேன்னா இப்படி ஒரு புத்தகம் இருக்கிறதே இவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது டீச்சர்."

முசிறிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் ஏதும் தப்பா வந்துட்டேங்களா?" என்றார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் "இல்லவே இல்ல" என்றோம்.

உள்ளே சாப்பிடக் கூடாது என்பது நான் போட்ட விதி. ஆகவே மூவரும் வெளியே வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து வடையைத் தின்றோம். அவர் மாதம் ஒருமுறை சாமான் வாங்கத் திருச்சி வருவாராம். அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி உறுப்பினராகச் சேர்த்து, இரண்டு நாவல்களைக் கொடுத்து அனுப்பினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று புத்தகங்களை வாளியோடு சேர்த்து அணைத்துக்கொண்டு ஓடினார்.

"இதை எழுதுங்க," என்றார் டீச்சர், வாசலில் நின்று கையாட்டியபடி. "வடையில உப்பு கம்மின்னு மட்டும் எழுதிடாதீங்க, பாவம்."

எனக்கு உப்பு சரியாகத்தான் இருந்தது.