ஆறாவது எழுத்து

இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த வருஷங்களில் நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவன். கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, உடம்பில் புரதங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்பது என் வேலை. கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கம்ப்யூட்டர் என்றால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜாதகம் அடித்துக் கொடுக்கிற பெட்டி என்றுதான் நினைப்பு. லீவில் போனால் பிறந்த நேரத்தோடு வந்து நிற்பார்கள்.

நான் எடுத்துக்கொண்ட புரதம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின். காரணம் என் தங்கை. பிறவியிலேயே அவளுக்குச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து ரத்த ஓட்டத்தை அடைத்துக்கொள்ளும். மூட்டு மூட்டாக வலியில் துடிப்பாள். முற்றிவிட்டால் பெரிய ஊருக்குக் கொண்டுபோய் ரத்தம் ஏற்ற வேண்டும்.

அம்மாவுக்கு ஒருமுறை விளக்கினேன். புரதம் என்பது நீளமான சங்கிலி. ஒவ்வொரு கண்ணிக்கும் நாங்கள் ஓர் எழுத்து வைத்திருக்கிறோம். தங்கைக்கு ஆறாவது எழுத்து மாறி விழுந்துவிட்டது.

"அதத்தானடா நானும் சொல்லிக்கினு இருக்கேன், தலையெழுத்துன்னு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. "நீதான் படிச்சவனாச்சே. அந்த எழுத்த மாத்தி எழுதக் கூடாதா?"

கம்ப்யூட்டரில் மாற்றலாம். அதுதான் கொடுமை. ஓர் எழுத்தை அழித்து வேறொன்றைத் தட்டினால், எது எதை இழுக்கும், எதைத் தள்ளும் என்று அது கணக்குப் போடும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு நாள்கணக்கில் ஆகும். தங்கையின் எழுத்தோடு ஓட்டியபோது இரண்டு புரதங்கள் பக்கத்தில் வந்ததும் ஒட்டிக்கொண்டன. அப்படி ஒட்டுவதால்தான் சிவப்பணு வளைகிறது. சரியான எழுத்தைப் போட்டு மறுபடி ஓட்டக் கொடுத்திருந்த வாரத்தில் சாலை மறியல் தொடங்கியது.

புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை. தங்கைக்கு அப்போது பார்த்து வலி வந்தது. கள்ளக்குறிச்சி வரை போனால் ஏதாவது வைத்தியம் கிடைக்கும் என்று அப்பா அவளை மாட்டு வண்டியில் படுக்கவைத்துக் கிளம்பினார். மறியலில் நின்றவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் கேட்டதும் அநியாயம் இல்லை. "ஆஸ்பத்திரி கேசுடா, தூக்குங்கடா" என்று மாட்டை அவிழ்த்து வண்டியையே தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்களாம். கொஞ்ச தூரத்தில் இன்னொரு மரம் கிடந்தது. அதற்கப்புறமும் கிடந்தது. வழியிலேயே போய்விட்டாள்.

நான் ஊர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கருமாதி முடித்துச் சென்னைக்குத் திரும்பினேன். கணக்கும் முடிந்திருந்தது. எழுத்து சரியானதும் புரதங்கள் ஒட்டவில்லை. விலகி விலகி நின்றன. பேராசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அந்தத் தாள்களைக் கொளுத்திவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. கொளுத்தவில்லை, உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மா மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"அந்த எழுத்து இன்னாச்சிடா?"

"மாத்திட்டேம்மா. சரியாயிடுச்சி."

அவள் கை நின்றது.

"யாருக்கு?" என்றாள்.